கொண்டை ஊசிக்கு ஒரு மீசை

ஜனவரி 6

என் அருமை மருமகளே, காட்டைக் கட்டி ஆளும் சில்வண்டே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்து மயங்கி விழுந்தால் உன் அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. நான் இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தறியின் மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன். உன் அம்மா நம்பமாட்டாள். என் மேனேஜர் நம்பமாட்டார். எழுதுகிற எனக்கே நடுவில் சந்தேகம் வரும். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் எங்கள் போர்வை ஆலைக்கு ஒரு புலி வந்தது.

சுவரேறிக் குதித்து வரவில்லை. பின்பக்க கேட்டில் வரிசையில் நின்று வந்தது. வாட்ச்மேன் வழக்கம்போல, "அடையாள அட்டை எங்க?" என்று கேட்டிருக்கிறார். அது திரும்பி விலாவைக் காட்டியிருக்கிறது. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது என்று நீதானே ஊரெல்லாம் சொல்லிவைத்தாய்? வாட்ச்மேனும் படித்தவர். உள்ளே விட்டுவிட்டார். அது நேரே டிசைன் பிரிவுக்கு வந்தது. அதாவது, இந்த நாட்டின் பாதி ஜனத்தை ரோஜாப்பூவுக்கும் அன்னப்பறவைக்கும் அடியில் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் உன் மாமாவின் மேஜைக்கு.

"சார், வரி மங்கிப்போச்சு. கொஞ்சம் புதுப்பிச்சுத் தர முடியுமா?"

"மழையில நனைஞ்சீங்களா?"

"நனைஞ்சேன்."

"எங்க காயவெச்சீங்க?"

"பாறை மேல, நல்ல வெயில்ல."

"அதான் தப்பு. சாயம் போகாம என்ன செய்யும்? நிழல்ல இல்ல காயணும்!"

அளவெடுக்க டேப்பை அக்குள் பக்கம் கொண்டு போனேன். கூச்சம் தாங்காமல் அது சிரித்த சிரிப்பில் மூன்றாவது ஷெட்டில் தறியில் இருந்த அன்னப்பறவைகள் எல்லாம் போர்வையை விட்டு எழுந்து பறந்தன. அளவெடுக்கும்போது பேச்சுவாக்கில் தன் குலரகசியத்தையும் சொல்லிவிட்டது. ஆதியில் புலிக்கு வரியே கிடையாதாம். அவித்த முட்டையின் மஞ்சள் கரு மாதிரி சுத்த மஞ்சளாம். முதல் புலி ஒரு தறிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறது. நூல்களின் நிழல் உடம்பில் விழுந்திருக்கிறது. யாரோ அதட்ட, திடுக்கிட்டு எழுந்து ஓடிய அவசரத்தில் நிழலையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டதாம். அந்தத் தறிக்கு இன்றுவரை நிழல் கிடையாது. வா, காட்டுகிறேன்.

இன்னொரு விஷயம். தனியாக ஒரு பார்சல் வருகிறது. உனக்கு இல்லை, உங்கள் புலி ஆராய்ச்சி முகாமின் சமையல்காரருக்கு. சூப் என்ற பேரில் வெந்நீர் ஊற்றுகிறார் என்று போன கடிதத்தில் அழுதிருந்தாயே, அதற்காக நான் கொடுக்கும் லஞ்சம். உள்ளே போர்வை இருக்கிறது. என்ன போர்வை என்று சொல்லமாட்டேன். அவர் பிரிக்கும்போது பக்கத்தில் இரு, அது போதும்.

இப்படிக்கு,
போர்வைகளின் பேரரசன், புலிகளின் ஆஸ்தான தையற்காரன்,
உன் மாமா


ஜனவரி 15

மாமா,

திங்கட்கிழமை ஜீப்பில் உங்கள் கடிதம் வந்தது. இங்கே செல்போன் எடுக்காது, வாரத்துக்கு ஒரு ஜீப்தான் வெளியுலகம் என்று தெரிந்திருந்தும் இரண்டு பக்கத்துக்கு இப்படிக் காது குத்துகிறீர்களே, நியாயமா?

முதலில் உங்கள் ஆராய்ச்சிக்குப் பதில். புலியின் வரி மங்காது. அது முடியில் மட்டும் இல்லை, அடியில் தோலிலும் இருக்கிறது. மொட்டையடித்தாலும் வரி தெரியும். இடது விலா ஒரு மாதிரி இருக்கும், வலது விலா வேறு மாதிரி இருக்கும். இதை நான் உங்களுக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறேன். நான்கு முறையும் கொட்டாவி விட்டீர்கள். வாட்ச்மேனுக்கு மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

இரண்டாவது என் கோபம். போன மாதம் என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "எங்க பொண்ணு புலிய தலைகாணியா வெச்சுத்தான் தூங்குவா, வேற தலைகாணி ஒத்துக்காது" என்று சொன்னீர்களாம். அம்மா எழுதியிருக்கிறாள். அவர்கள் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்களாம். அந்த மாப்பிள்ளையை எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கதை சொல்வதில் உங்களுக்கு இங்கே ஒரு போட்டியாளர் இருக்கிறார், எங்கள் ஜீப் டிரைவர். புலியின் நெற்றியில் உள்ள வரிகள் எழுத்து என்கிறார். ஒரு பெரிய செய்தி அதில் எழுதியிருக்கிறதாம். படிக்கத் தெரிந்தவர்களும் உண்டாம். ஆனால் கடைசி வரியைப் படிக்க வேண்டுமானால் மூக்குக்குப் பக்கத்தில் போக வேண்டும். அதனால் செய்தி எப்படி முடிகிறது என்று சொல்ல இதுவரை யாரும் திரும்பி வரவில்லையாம். உங்கள் நிழல் கதையைப் படித்துக் காட்டினேன். "பரவால்ல, சுமாரா அளக்குறாரு" என்றார்.

இனி விளையாட்டு இல்லை, மாமா. கொண்டை ஊசியை எட்டு மாதமாகக் காணவில்லை. அம்மா வீட்டு ஹாலில் நான் மாட்டிக் கொடுத்த படத்தில் இருப்பவள்தான். வலது விலாவில் ஒரு வரி மேலே போய் வளைந்து, கொண்டை ஊசி மாதிரியே கீழே இறங்கும். அதனால்தான் அந்தப் பெயர். இந்தக் காட்டில் நிலையாக வசிக்கும் ஒரே புலி அவள்; போன வருடம் ஓர் ஆண் புலி மலை தாண்டி வந்து போனதோடு சரி. ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுக்கும்படி மரங்களில் நாங்கள் கட்டிவைத்திருக்கும் எல்லாக் கேமராவிலும் பன்றி வருகிறது, முள்ளம்பன்றி வருகிறது, ஒருமுறை எங்கள் முகாம் டைரக்டரே வந்தார். அவள் மட்டும் வரவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் அவள் படம் ஒன்று கிடைக்காவிட்டால் 'இங்கே புலி இல்லை' என்று எழுதி அனுப்ப வேண்டும். மலையின் மறுபக்கம் கல் குவாரிக்காரர்கள் இயந்திரத்தோடு காத்திருக்கிறார்கள். புலி இல்லாத காட்டை அவர்களுக்குக் கொடுக்க யாரும் யோசிக்கமாட்டார்கள். அவள் உயிரோடு எங்கோ இருந்தால், அவள் இருக்கும்போதே அவள் வீட்டை உடைப்பார்கள்.

பார்சல் வந்தது. நான் கேமராக்களைப் பார்க்கப் போயிருந்தேன். சமையல்காரர் பிரித்தாராம், பார்த்தாராம், மடித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "காட்டுங்கண்ணே" என்றால், "கண்ணு பட்டுடும்மா" என்கிறார். சூப்பில் இப்போது கேரட் தென்படுகிறது.

உங்கள் மருமகள்


ஜனவரி 24

சில்வண்டே,

"சுமாரா அளக்குறாரு" என்று சொன்ன அந்த டிரைவரின் முழு விலாசத்தை உடனே அனுப்பு. வழக்குத் தொடர வேண்டும்.

நேற்று உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் உன் புலிக்கு எதிரே உட்கார்ந்து நேருக்கு நேர் பேசினேன். "எங்கம்மா போன? புள்ள அங்க சாப்பிடாம கிடக்குறா" என்றேன். உன் அம்மா உள்ளேயிருந்து, "யாரோட பேசிட்டிருக்க?" என்றாள். "மருமக சிநேகிதியோடக்கா" என்றேன்.

கவலைப்படாதே. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாள். முன்னால் தேடினால் எப்படிக் கிடைப்பாள்? படம் எடுப்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுதான் அந்த ஜாதியின் குணம். எங்கள் ஆலையில் குரூப் போட்டோ எடுத்தபோது அன்று வந்த புலியும் அப்படித்தான் செய்தது. அதனால்தான் அது படத்தில் இல்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சமையல்காரர் போர்வையைப் பெட்டியில் பூட்டிவைத்திருப்பது எனக்குப் பெரிய அவமானம். போர்வை போர்த்துவதற்கு. குளிருகிறது அல்லவா அங்கே? போர்த்தச் சொல். எல்லோரும் பார்க்கப் போர்த்தச் சொல்.

மாமா


பிப்ரவரி 9

மாமா! மாமா! மாமா!

கிடைத்துவிட்டாள்!

அழுத்தி அழுத்தி எழுதியதில் இரண்டு பேனா மாற்றிவிட்டேன். இன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பன்றி, பன்றி, மான், பன்றி என்று தள்ளிக்கொண்டே போகிறேன், திடீரென்று திரை முழுக்க மஞ்சளும் கறுப்பும். விடிந்தும் விடியாத வெளிச்சம், கொஞ்சம் மங்கல். தலை கிடையாது, வால் கிடையாது, கால்கள் செடிக்குள் போய்விட்டன. நடு உடம்பு மட்டும், வலது விலா. அதில் மேலே போய் வளைந்து இறங்குகிறது, மாமா, கொண்டை ஊசி! கத்திவிட்டேன். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார், பாம்பு என்று நினைத்து. பழைய படத்தையும் இதையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டோம். ஒரே புலி என்று சொல்லிவிட்டது!

எங்கே என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் மலை உச்சியெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இவள் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓடைக் கேமராவில் வந்து நிற்கிறாள். சமையல்காரர் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில்! என்ன தைரியம் பாருங்கள். எதிர்ப்பக்கக் கேமராவில் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால் இடது விலா கிடைக்கவில்லை. போகட்டும். ஒரு விலா போதும்.

டைரக்டர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு இத்தனை பல் இருப்பது இன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தலைமை அலுவலகத்து அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், குவாரிக்காரர்களின் வக்கீல் வரை எல்லோரையும் அழைத்து வெள்ளிக்கிழமை அறிவிக்கப்போகிறார். "அந்த வக்கீல் முன்வரிசையில உக்காரணும்" என்கிறார். ஜீப் டிரைவர் கேக் வாங்கி வர ஸ்பெஷலாக ஒரு நடை போகிறார். அவரிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன்.

உங்கள் வாய் முகூர்த்தம் மாமா, கேமராவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டாள்! பிடியுங்கள், ஒரு பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள் (தரையில் கால் பாவாமல்)


பிப்ரவரி 12

மருமகளே,

இது கதை இல்லை. தயவுசெய்து, தயவுசெய்து, இது கதை இல்லை. எங்கள் ஆலை லாரி டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வர வேண்டும்.

உடனே போய்ச் சமையல்காரரின் போர்வையைப் பார்.

அது புலிப் போர்வை. உன் புலி. எல்லா ஆலையும் ஒரே புலியைத்தான் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதே முறைப்பு, அதே திறந்த வாய். உலகத்தில் யாரிடமும் இல்லாத புலியை நான் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன் அம்மா அடுப்படியில் இருந்தபோது ஹாலில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் கொண்டுபோய் மாட்டினேன், கொஞ்சம் கோணலாக. நடுவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒரு வரி விடாமல் பிரதியெடுத்தேன். நிஜப் புலியின் அளவிலேயே. முதல் போர்வை நெய்து வந்ததும் அதை உன் இடத்துக்கே அனுப்பி, நீ வாயைப் பிளப்பதைக் கற்பனை செய்து சிரிப்பது என்று திட்டம். அவ்வளவுதான் என் குற்றம். அந்த ஆள் அதைப் பூட்டிவைப்பார் என்று யார் கண்டது? நான் வேறு, எல்லோரும் பார்க்கப் போர்த்தச் சொல் என்று எழுதித் தொலைத்தேன்.

நீ அனுப்பிய பிரிண்டைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. துணி காயப்போடும் கொடி என்று எழுதியிருக்கிறாய். மூளை இருக்கும் யாருக்கும் புரியும்.

உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "போர்வை ஆலையிலிருந்து பேசுறேன். உங்க புலி என் போர்வையா இருக்கலாம்" என்றேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "சரிங்க சார், உடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். உன் அம்மாவிடம் சொன்னேன். "போடா, உனக்கு வேற வேலையில்ல" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிஜத்தைச் சொல்கிறேன், ஒருத்தர்கூட நம்பவில்லை. நீயாவது நம்பு.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் புலியின் விலாவில் கொண்டை ஊசிக்குக் கீழே வரியே இல்லாமல் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மஞ்சள் இருக்கும். தறியில் அப்படி விட முடியாது. நூல் கட்டில்லாமல் நீளமாக ஓடினால் போர்த்துகிறவரின் கால்விரல் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நடுவில் ஒரு கறுப்பு வரி வைத்து நூலைக் கட்ட வேண்டும். நான் வைத்தேன். சும்மா வைக்காமல், என் மீசை மாதிரி இரண்டு பக்கமும் முறுக்கி வைத்தேன். கொண்டை ஊசிக்குக் கீழே மீசை இருந்தால் அது போர்வை. இல்லாவிட்டால் புலி.

எனக்கு அனுப்பிய பிரிண்டில் அந்த இடத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. இலையா மீசையா என்று புரியவில்லை. உன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்.

மாமா


பிப்ரவரி 16

மாமா,

வெள்ளிக்கிழமை காலை உங்கள் கடிதம் வந்தது. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பத்தியைப் படித்துச் சிரித்தேன். இந்த முறை நன்றாக அளந்திருக்கிறார் என்று டிரைவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். பாதியில் அவர் சிரிப்பதை நிறுத்தினார். "உங்க மாமா இப்படி நெளிவு சுளிவு இல்லாம எழுதமாட்டாரே" என்றார். கடிதத்தோடு சமையலறைக்கு ஓடினேன்.

சமையல்காரர் பெட்டியைத் திறந்தார். விரித்தார். அதே கொண்டை ஊசி, அதன் கீழே மீசை. என்ன வேலைப்பாடு மாமா அது! உங்களைக் கொன்றுபோடலாம்.

"இத வெளிய எடுத்தீங்களாண்ணே?"

"உங்க மாமா போர்த்தச் சொல்லியிருக்காருன்னு நீதானம்மா சொன்ன? போன வாரம் நீங்கல்லாம் மலைக்குப் போயிருந்தப்ப ஒருநாள் கொடியில போட்டேன். காலைல ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போறப்ப போர்த்திக்கிட்டும் போனேன். தப்பாம்மா?"

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். கொண்டை ஊசிக்குக் கீழே, உங்கள் மீசை இருக்க வேண்டிய இடத்தை அளவெடுத்த மாதிரி மறைத்துக்கொண்டு ஓர் அகலமான இலை! மீசையும் இல்லை, மீசை இல்லாமலும் இல்லை. அந்த ஓடைக்கரையில் எத்தனை ஆயிரம் இலை இருக்கும்? அந்த ஒன்று அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

டைரக்டரிடம் சொன்னேன். அவர் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வந்தவர்களுக்குக் கேக் மட்டும் கொடுத்து அனுப்பினோம். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். டைரக்டர் தன் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டார். குவாரிக்காரர்களின் வக்கீல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு அவருக்கு ஆயுள் நீள வாழ்த்திவிட்டுப் போனார்.

பிறகு சோதனை. சமையல்காரரைப் போர்வையோடு கேமரா முன்னால் நடக்கவைத்தோம். படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்தோம். 'கொண்டை ஊசி' என்றது. சமையல்காரருக்கு ஒரே பெருமை. ஆனால் அவர் உயரத்துக்கு விலா அந்த இலைக்கு மேலே வருகிறது. போன வாரம் கிடைத்த படத்தில் இலைக்கு நேராக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குள் அவரே, "நான் குனிஞ்சில்ல தண்ணி மொண்டேன்" என்றார்.

"அப்ப குனிஞ்சு காட்டுங்க" என்றார் டைரக்டர்.

"இடுப்பு பிடிச்சிருக்கு சார். இன்னொரு வாட்டி குனிஞ்சா நிமிர மாட்டேன்."

"யாராவது குனிஞ்சுதான் ஆகணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதுகில் போர்வையைப் போட்டுக்கொண்டு, ஓடைச் சேற்றில், நாலு காலில், நான் நடந்தேன் மாமா. புலி ஆராய்ச்சியில் பட்டம் வாங்கியவள். டிரைவர் பின்னாலிருந்து, "வால ஆட்டுங்க, வால ஆட்டுங்க" என்று உற்சாகப்படுத்தினார். அந்தப் படத்தையும் போன வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு ஒற்றுமை. என்னுடையதிலும் மீசையை அதே இலை மறைக்கிறது.

"போர்வைன்னும் சொல்ல முடியல, புலின்னும் சொல்ல முடியல. சந்தேகம் இருக்குற படத்த என்னால அனுப்ப முடியாது" என்றார் டைரக்டர். அவர் சொல்வது சரி. அதனால்தான் அழுகையாக வருகிறது. அது நிஜமாகவே அவளாக இருந்தால்? எட்டு மாதம் கழித்து ஒரே ஒருமுறை முகம் காட்டியிருந்தால்? உங்கள் போர்வை ஒன்றுக்காக அவளை இல்லை என்று எழுதப்போகிறோம். இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

போர்வையைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. கொடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். சமையல்காரர்கூட எடுக்கவில்லை. இனிமேல் எனக்குக் கதை எழுதாதீர்கள்.


பிப்ரவரி 19

மருமகளே,

கடிதம் கிடைத்தது. கதை எழுதவில்லை.

தறிக்குப் போக இருந்த புலிப் போர்வைகளை எல்லாம் நிறுத்திவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். புலிக்கு ஆட்சேபணை என்றேன். அது மட்டும் வாய் தவறி வந்துவிட்டது.

சமையல்காரருக்குப் பதிலாக, உனக்குப் பதிலாக, எத்தனை நாள் வேண்டுமானாலும் நாலு காலில் நடக்க நான் தயார். சொன்னால் நாளைக்கே புறப்படுகிறேன்.

மாமா


பிப்ரவரி 20

மாமா,

போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இல்லை, மறக்காதீர்கள், கொஞ்சம் உறைக்கட்டும். ஆனால் இதைப் படியுங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்!

நேற்றுக் காலை சமையல்காரர் ஓடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு ஓடி வந்தார். குடத்தை அங்கேயே போட்டுவிட்டார். "போர்வையக் காணோம்மா! கொடி அறுந்து கிடக்கு! திருட்டுப் பசங்க இந்தக் காட்டுக்குள்ளயும் வந்துட்டானுங்க!" ஒரே கூப்பாடு. இங்கே வந்து போர்வை திருட யாருக்கு வேண்டுதல்? கேமராவில் ஆள் விழுந்திருப்பான் என்று அதன் படங்களை எடுத்துவந்து கம்ப்யூட்டரில் போட்டோம். டைரக்டர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார்.

முதல் படத்தில் போர்வை கொடியில் தொங்குகிறது. இந்தப் பக்கம் நல்ல வெளிச்சம். கொண்டை ஊசி தெரிகிறது, அதன் கீழே உங்கள் மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த படத்தில் அதே போர்வை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு விலா.

இன்னொரு கொண்டை ஊசி!

தலையோடு, வாலோடு, நாலு காலோடு. போர்வைக்குப் பக்கத்திலேயே, அதே பக்கம் பார்த்துக்கொண்டு, ஜவுளிக்கடையில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற மாதிரி நிற்கிறாள். கொண்டை ஊசிக்குக் கீழே ஒரு சாண் அகலம் வெறும் மஞ்சள். இலை இல்லை. மீசை இல்லை. மாமா, மீசை இல்லை!

டைரக்டர் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டார். அடுத்த படத்தைத் தட்டினேன். உங்கள் புலியை முகர்ந்து பார்க்கிறாள். அடுத்ததில் ஓங்கி ஓர் அறை விடுகிறாள். எதிரே ஒருத்தி இத்தனை நேரம் அசையாமல் முறைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கொடி அறுந்து போர்வை கீழே கிடக்கிறது.

அதற்கப்புறம்தான் விஷயமே. செடிக்குள்ளிருந்து ஒரு குட்டி. அதன் பின்னால் இன்னொரு குட்டி. ஒன்று போர்வையின் ஒரு முனையைக் கவ்வி இழுக்கிறது, மற்றது நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சவாரி போகிறது. இதற்காகத்தான் எட்டு மாதம் ஒளிந்திருந்தாள், கள்ளி! குட்டி வைத்திருக்கும் தாய் நடமாடும் பாதையிலேயே வரமாட்டாள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. கடைசிப் படத்தில் போர்வையின் ஓரம் மட்டும் செடிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இடது விலாவும் கிடைத்துவிட்டது. எதிர்க் கேமராவுக்கு இந்த முறை நானே பேட்டரி போட்டிருந்தேன். படங்கள் எல்லாம் இன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குப் போகின்றன. டைரக்டர் அந்த வக்கீலுக்குத் தனியாக ஒரு பிரதி அனுப்புகிறார், 'என் பிறந்தநாளுக்கு வந்ததற்கு நன்றி' என்று எழுதி. குவாரி இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. இலை மறைத்த அந்த மங்கலான படத்தில் இருந்தது அவளா, போர்வை போர்த்திய சமையல்காரரா என்று இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. டைரக்டர் அதைத் தன் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

சமையல்காரர் மட்டும் சோகமாக இருக்கிறார். "புள்ளைங்களுக்குத்தான கொண்டுபோனா, போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓடைப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறார். சூப் மறுபடி வெந்நீராகிவிட்டது. சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

கதை எழுதாதீர்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 25

என் அருமை மருமகளே, இரண்டு கொண்டை ஊசிகளின் காவல் தெய்வமே,

உன் கடிதம் தபால்காரரின் பையைக் கிழித்துக்கொண்டு தானாகவே பறந்து வந்து என் மேஜையில் விழுந்தது. நான் அதைத் தறிகளுக்கு நடுவில் நின்று உரக்கப் படித்தேன். 'மீசை இல்லை' என்ற இடம் வந்ததும் ஆலையில் இருந்த அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நின்று எழுந்து கைதட்டின. குட்டி சவாரி போகும் இடத்தில் மேனேஜர் தன் நாற்காலியோடு கூரை வரை எழும்பி, அங்கே காற்றாடியில் மாட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். இறக்கிவிட்டதும், "உலகத்துலயே புலி வீடு தேடி வந்து எடுத்துட்டுப் போற போர்வை நம்ம போர்வைதான்!" என்று முழங்கி, எனக்கு ஆலையில் பாதியை எழுதித் தருவதாகச் சொன்னார். நான் பெருந்தன்மையாக வேண்டாம் என்றேன். வாட்ச்மேன், "அன்னிக்கே நான் அடையாளம் பார்த்துத்தான சார் உள்ள விட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மாவிடம் படத்தைத் திருடிய விவகாரத்தைச் சொன்னேன். ஊரில் உள்ள நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொள்ளும்படி திட்டினாள். பிறகு, "குட்டி ரெண்டும் பொண்ணா, பையனா?" என்று கேட்டாள். கேட்டு எழுது. இல்லாவிட்டால் எனக்கு அந்த வீட்டில் காபி கிடையாது.

சமையல்காரருக்கு இன்று வேறு போர்வை அனுப்புகிறேன். இந்த முறை ரோஜாப்பூ. வண்டு வந்து இழுத்துக்கொண்டு போனால் கம்பெனி பொறுப்பல்ல.

கடைசியாக ஒன்று. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் கண்ணிலிருந்து பெருகிய வெள்ளத்தில் கிடங்கில் அடுக்கியிருந்த ஆயிரம் போர்வைகளும் நனைந்து, ஆலை முழுவதும் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, தொழிலாளர்கள் எல்லாரும் நூல் பெட்டிகளில் ஏறித் துடுப்புப் போட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். உன் அம்மா இதை நம்பமாட்டாள். நீயும் நம்பாதே. தறி கைதட்டவில்லை, மேனேஜர் பறக்கவில்லை, தண்ணீர் நிற்கவில்லை.

ஒரு போர்வை நனைந்தது. அதுவும் ஓரத்தில் கொஞ்சம்.

மாமா